பூட்டுவதற்கு ஓர் இடம் வேண்டும்

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ ஐந்து லட்சம் சைக்கிள்களை அரசு வழங்குகிறது. அந்தச் சைக்கிளைப் பேருந்து நிறுத்தத்திலோ கடைத்தெருவிலோ மருத்துவமனை வாசலிலோ விட்டுவிட்டுப் போகும் பிள்ளை, திரும்பி வரும்போது அது அங்கேயே நிற்கும் என்று நம்புவதற்கு நம் ஊர்களில் எந்த ஏற்பாடும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்கள் இந்தக் கவலையைக் கூட்டியிருக்கின்றன. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருள் திருடுபோனால் காவல் துறை தானாக விசாரணையில் இறங்க முடியாது என்கிறது சட்டம். அரசு ஒரு சைக்கிளுக்கு அண்மை ஆண்டுகளில் செலவிட்டிருப்பது சுமார் 4,800 ரூபாய்.

திசையன்விளையை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில், செம்மண் தேரியும் பனையும் சூழ்ந்த பேரூராட்சி. இப்போது வட்டத் தலைநகர். உவரி, இடையன்குடி, நவ்வலடி, குட்டம் என்று சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் இதுதான் கடைத்தெரு. ஜவுளிக்கும் மருந்துக்கும் வங்கிக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் சனங்கள் இங்கேதான் வந்தாக வேண்டும்.

இந்த ஊருக்கு ரயில் கிடையாது. திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம் வழியாக இங்கே வரை பாரி நிறுவனம் ஓட்டிய சிறு ரயில் 1940-இல் நின்றுபோனது. அதற்குப் பிறகு பேருந்தை நம்பித்தான் பிழைப்பு. பேருந்து நுழையாத உட்கிராமங்களுக்கும் விளைகளுக்கும் சைக்கிள்.

2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் 2022 முதல் ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. இரண்டும் நல்ல திட்டங்கள். ஆனால் தேரிக்காட்டுக்குள் இருக்கும் வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு வர இரண்டு மூன்று கிலோமீட்டர் இருக்கிறது. அதைக் கடக்க அந்தப் பெண்ணுக்கு இருப்பது பிளஸ் ஒன்னில் கிடைத்த சைக்கிள்தான். காலையில் ரோட்டோரம் அதை எங்கே நிறுத்துவாள்? டீக்கடைப் பக்கவாட்டில், கரண்ட் கம்பத்தடியில், தெரிந்தவர் வீட்டுத் திண்ணையோரம். அந்த வீட்டுக்காரருக்கும் இவள் வீட்டுக்கும் ஒரு மனத்தாங்கல் வந்தால் அந்த இடமும் போய்விடும்.

ஒரு சைக்கிளோடு போவது என்ன?

‘பழைய சைக்கிள்தானே’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பைக் வைத்திருப்பவர்கள். பீடி சுற்றும் வீட்டிலும், பனையேறி வீட்டிலும், தோட்ட வேலைக்குப் போகும் வீட்டிலும் ஐயாயிரம் ரூபாயை மொத்தமாக எடுத்துவைத்து இன்னொன்று வாங்குவது எளிதல்ல. அரசு இரண்டாவது சைக்கிள் தராது.

பணத்தைவிடப் பெரிய இழப்பு வேறு. சைக்கிள் போன மறுவாரமே மாலை ஸ்பெஷல் கிளாஸ் நிற்கும். கடைசி நகரப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருப்பதால் நூலகத்துக்குப் போவது நிற்கும். அப்பாவோ அண்ணனோ கொண்டுவந்து விட வேண்டும் என்றால், அவர்களுக்கு வேலை இருக்கும் நாளெல்லாம் லீவுதான். பெண் பிள்ளை என்றால் ‘இவ்வளவு கஷ்டப்பட்டுப் போகணுமா’ என்ற பேச்சு வீட்டில் மெல்ல எழும்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் வழியாகப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றபோது, அது வெறும் வாகனப் பயிற்சியாக நின்றுவிடவில்லை என்பதை நாடே பார்த்தது. யாரையும் எதிர்பார்க்காமல் வெளியே போய்வர முடிந்ததுதான் அங்கே நடந்த மாற்றம். 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று அரசின் சைக்கிள் திட்டம் தொடங்கி, பிறகு எல்லா மாணவர்களுக்கும் விரிந்ததன் அடிப்படையும் அதுவே. கொடுப்பதில் இருபதாண்டுகளுக்கு மேலாகக் காட்டும் அக்கறையைக் காப்பதிலும் காட்ட வேண்டும்.

சட்டம் விட்ட இடைவெளி

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 379-ஆவது பிரிவில் திருட்டு என்றால் திருட்டுதான். பொருளின் மதிப்பு ஐந்நூறு ரூபாயா ஐந்து லட்சமா என்று பாராமல் காவல் நிலையம் முதல் தகவல் அறிக்கை பதிந்து விசாரிக்க முடிந்தது.

இப்போது அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவு இருக்கிறது. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, குற்றவாளி முதல்முறை தண்டிக்கப்படுபவராக இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவை. வறுமையில் கைநீட்டிய ஒருவரைச் சிறைக்கு அனுப்பிக் கெடுக்க வேண்டாம் என்ற இந்த எண்ணத்தை நான் வரவேற்கிறேன்.

சிக்கல் இதற்கு அடுத்தபடியில் இருக்கிறது. குற்ற நடைமுறைக்கான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் அட்டவணை, இப்படிப்பட்ட சிறு திருட்டைக் காவல் துறை தானாக விசாரிக்க முடியாத குற்றங்களின் வரிசையில் வைத்துவிட்டது. 174-ஆவது பிரிவின்படி, நிலைய அதிகாரி புகாரைக் குறித்துக்கொண்டு, புகார் கொடுத்தவரை நீதித்துறை நடுவரிடம் அனுப்ப வேண்டும். நடுவரின் உத்தரவு இல்லாமல் விசாரணை கிடையாது.

ஒரு பிளஸ் ஒன் மாணவியின் அப்பா, அன்றைய கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி, நீதிமன்றத்துக்குப் போய் ஒரு சைக்கிளுக்காக மனுப் போடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பெரும்பாலான வீடுகளில் புகாரே எழாது. புகார் எழாவிட்டால் கணக்கும் இருக்காது. கணக்கு இல்லாத குற்றத்துக்கு எந்த அதிகாரியும் திட்டம் போட மாட்டார்.

சட்டத்திலேயே ஒரு வாசல் திறந்திருப்பதையும் சொல்ல வேண்டும். நியாய சன்ஹிதாவின் 305-ஆவது பிரிவு, பொருள்களைப் பாதுகாத்துவைக்கப் பயன்படும் கட்டடத்திலிருந்து திருடினால் ஏழு ஆண்டு வரை தண்டனை என்கிறது. அங்கே ஐயாயிரம் ரூபாய் வரம்பு இல்லை. சுவரும் கூரையும் காவலும் உள்ள ஒரு சைக்கிள் நிறுத்தகம் இந்த வரையறைக்குள் வரும் என்று வாதிட இடமிருக்கிறது. கம்பத்தடியில் திருடுபோகும் சைக்கிளுக்கும் முறையான நிறுத்தகத்தில் திருடுபோகும் சைக்கிளுக்கும் சட்டத்தின் பார்வையிலேயே வித்தியாசம் இருக்கிறது என்றால், நிறுத்தகம் கட்ட அதுவே போதிய காரணம்.

வளையப் பூட்டின் வலிமை

நம் சைக்கிள்களில் பின்சக்கரத்தோடு பொருத்தப்பட்டிருக்கும் வளையப் பூட்டு சக்கரத்தைச் சுழலவிடாமல் தடுக்கும். அதற்கு மேல் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த வட்டாரத்தில் ஒரு சைக்கிள் கடையில் பேசிக்கொண்டிருந்தபோது பதின்வயதுப் பையன் ஒருவன் வந்தான். பின்கேரியரை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முன்சக்கரத்தை மட்டும் உருட்டிக்கொண்டே வந்திருக்கிறான். “அண்ணாச்சி, சாவி தொலைஞ்சு போச்சு” என்றான். கடைக்காரர் ஒரு கம்பித்துண்டை எடுத்து, என்ன செய்தார் என்று நான் பார்ப்பதற்குள் பூட்டைத் திறந்துவிட்டார். “நாலு சாவி வச்சிருந்தா போதும், ஊர்ல பாதி சைக்கிளத் தெறந்துரலாம்” என்று சொல்லிவிட்டு, புதுப் பூட்டு ஒன்றை மாட்டத் தொடங்கினார்.

என்னை யோசிக்கவைத்தது அவருடைய கைத்திறன் அல்ல. பூட்டிய சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பையன் கடைத்தெரு நெடுக நடந்து வந்திருக்கிறான். “இது யார் சைக்கிள், ஏன் தூக்கிட்டுப் போற” என்று ஒருவர் கூடக் கேட்கவில்லை. அவன் உடையவன்தான். அவன் இடத்தில் வேறு ஒருவன் இருந்திருந்தாலும் அப்படியே வந்து சேர்ந்திருப்பான். ஒரு லோடு ஆட்டோ கிடைத்தால் வேலை இன்னும் சுளு. பழைய இரும்பாக எடைபோட்டாலும் ஒரு சைக்கிளுக்குச் சில நூறு ரூபாய் தேறும்.

கடலோர வட்டாரத்துக்கு இன்னொரு தொல்லை உண்டு. உவரிப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்றில் பூட்டின் உள்ளிருக்கும் சிறு ஸ்பிரிங் துருப்பிடித்துவிடும். தேரி மணல் சாவித்துளைக்குள் நுழைந்து இறுகும். வீட்டில் கையில் கிடைக்கும் தேங்காய் எண்ணெயை விட்டால், எண்ணெயில் மணல் ஒட்டிப் பசைபோல் ஆகி, நாலு நாளில் முன்னிலும் மோசமாகும். சாவி திரும்பாத எரிச்சலில் பிள்ளைகள் பூட்டாமலே விட்டுவிட்டுப் போவதைப் பள்ளி வாசல்களில் பார்க்கலாம். எண்ணெய்க்குப் பதிலாகப் பென்சில் கரியைப் பொடித்துச் சாவியில் தடவிப் போட்டால் மணல் ஒட்டாது. இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். சைக்கிள் வழங்கும் விழாவில் அந்த ஐந்து நிமிடத்தை ஒதுக்கலாம்.

கடைகளில் கிடைக்கும் நம்பர் பூட்டுக் கம்பிவடம் பார்க்கத் தடியாக இருக்கும். மேலே பிளாஸ்டிக் உறை, உள்ளே மெல்லிய கம்பிகள். நல்ல கட்டிங் பிளேயருக்கு முன் நிற்காது. கெட்டியான சங்கிலியும், கெட்டி இரும்பால் ஆன யு-லாக் பூட்டும்தான் ஓரளவு தாங்குபவை. விலை உயர்ந்தது என்பதற்காக எதையும் கண்மூடி நம்பவும் முடியாது. அமெரிக்காவின் கிரிப்டோநைட் நிறுவனம் யு-லாக்குக்குப் பேர்போனது. அதன் உருளைச் சாவிப் பூட்டுகளைச் சாதாரண பால்பாயின்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழலால் திறக்க முடிகிறது என்பது 2004-இல் வெளிவந்தபோது, அந்த நிறுவனம் லட்சக்கணக்கான பூட்டுகளை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

நமக்குப் பொருந்தும் வழி ஒன்று நெதர்லாந்தில் இருக்கிறது. அங்கும் நம்மூர்போலப் பின்சக்கர வளையப் பூட்டுதான் வழக்கம். ஆனால் அந்தப் பூட்டிலேயே ஒரு துளை இருக்கும். தனியாக ஒரு சங்கிலியை வாங்கி, கம்பத்தையோ குழாயையோ சுற்றி, அதன் முனையை அந்தத் துளையில் செருகிப் பூட்டினால் சக்கரமும் பூட்டப்படும், சைக்கிளும் கட்டப்படும். ஒரே சாவி. பிள்ளைகளுக்குப் புதிதாக எதையும் பழக்க வேண்டியதில்லை.

இதைச் செய்யத் தெரிந்த ஊர் நம்மிடமே இருக்கிறது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு முதல் கோயில் கதவுப் பூட்டு வரை கையால் செய்து, ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராமல் பார்த்துக்கொண்ட தொழிலாளர்களின் பட்டறைகள், அலிகாரிலிருந்து மலிவுவிலைப் பூட்டு வந்து குவிந்ததில் ஒவ்வொன்றாக ஒடுங்கி வருகின்றன. ஆண்டுக்கு ஐந்து லட்சம் சைக்கிளுக்குச் சங்கிலிப் பூட்டு வேண்டும் என்று அரசு ஒரு தரத்தை வகுத்து, அதில் ஒரு பங்கையாவது திண்டுக்கல் கூட்டுறவுகளுக்கும் சிறு பட்டறைகளுக்கும் கொடுத்தால் அந்தத் தொழில் நிமிரும். சைக்கிள் ஒன்றுக்குச் சில நூறு ரூபாய் கூடும். கூடட்டும். காக்க வழியில்லாமல் கொடுக்கும் 4,800 ரூபாயைவிட அது சிக்கனம்தான்.

தலைகீழ் ‘ப’

பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பூமியில் ஊன்றிய ஏதோ ஒன்றோடு சைக்கிளைச் சேர்த்துப் பூட்டினால்தான் பயன். நம் பேருந்து நிலையங்களிலும் அலுவலக வளாகங்களிலும் இல்லாமல் போனது அந்த ஒன்றுதான்.

சில பள்ளிகளில் முன்சக்கரத்தைச் செருகி நிறுத்தும் கம்பிச் சட்டம் வைத்திருக்கிறார்கள். பணத்தைச் செலவழித்து ஏமாந்த வடிவம் என்றே அதைச் சொல்வேன். அதில் சக்கரத்தை மட்டும்தான் சங்கிலியால் கட்ட முடியும்; சைக்கிளின் உடல் வெளியே நிற்கும். ஆடிக் காற்று வீசும்போது இந்த வட்டாரத்தில் வரிசையாக நிற்கும் சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாயும். முன்சக்கரம் மட்டும் கம்பிக்குள் மாட்டியிருந்தால் சாய்கிற வேகத்தில் ரிம் கோணிக்கொள்ளும்.

உலகெங்கும் தேறிய வடிவம் மிக எளிமையானது. இரண்டங்குலக் குழாயை வளைத்துத் தலைகீழ் ‘ப’வாகத் தரையில் ஊன்றிவிடுவது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தின் பெயரால் அழைக்கப்படும் இதற்குத் தரைக்கு மேலே முக்கால் மீட்டர் உயரம், ஏறத்தாழ அதே அகலம் இருந்தால் போதும். ஒரு குழாயின் இரு பக்கமும் ஒவ்வொரு சைக்கிள். உடலும் சக்கரமும் சேர்த்துப் பூட்டலாம். காற்றில் சாயாது. நகரும் பாகம் எதுவும் இல்லாததால் பழுதாக ஒன்றுமில்லை.

நம்மூருக்கு மூன்று மாற்றங்கள் வேண்டும். மாணவிகளுக்குக் கொடுக்கும் லேடீஸ் சைக்கிளில் மேல் பார் கிடையாது. சட்டம் தாழ்வாக வளைந்திருக்கும். அதைப் பூட்ட வசதியாகத் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஒரு குறுக்குக் குழாயும் சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். உப்புக் காற்றுக்கு வெறும் பெயின்ட் தாங்காது, நாகப்பூச்சுள்ள ஜி.ஐ. குழாய்தான் வேண்டும், பற்றவைத்த இடங்களில் மறுபூச்சும் வேண்டும். தேரி மண் பொலபொலவென்று இருப்பதால் வெறும் குழிக்குள் நட்டால் இரண்டு பேர் சேர்ந்து பிடுங்கிவிடுவார்கள். குழாயின் அடிமுனைகளில் குறுக்குக் கம்பி பற்றவைத்து, ஒன்றரை அடி ஆழத்துக்குக் கான்கிரீட்டில் புதைக்க வேண்டும்.

இதெல்லாம் உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே ஆகிற வேலை. ஒரு குழாய்ச் சட்டத்துக்குக் கூலியோடு மூவாயிரம் ரூபாய்க்கு அக்கம்பக்கம் வரும் என்பது என் கணக்கு. குழாய்க்குக் குழாய் ஒரு மீட்டர் இடைவெளி விட்டு இருபத்தைந்து நட்டால் ஐம்பது சைக்கிள் நிற்கும். மொத்தம் முக்கால் லட்சம் ரூபாய். இடம், ஏறக்குறைய நான்கு கார் நிற்கும் அளவு.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் ரயில் நிலையத்தின் அடியில் 12,500 சைக்கிள்கள் நிற்கும் நிறுத்தகத்தை 2019-இல் கட்டி முடித்தார்கள். முதல் 24 மணி நேரத்துக்கு அங்கே கட்டணம் இல்லை. அந்த அளவுக்கு நாம் போக வேண்டாம். ஆனால் பயணம் தொடங்கும் இடத்தில் சைக்கிளைப் பத்திரமாக வாங்கிவைப்பது பொதுப் போக்குவரத்தின் ஒரு பகுதி என்ற அவர்களுடைய எண்ணம் திசையன்விளைக்கும் பொருந்தும்.

கண் பார்க்கும் இடம்

எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. பேருந்து நிலையத்தின் பின்புறம், கழிப்பறைச் சுவரோரம், வேறு எதற்கும் ஆகாத மூலை என்று ஒதுக்குவார்கள். திருடுபவருக்கு அதைவிட வசதியான இடம் அமையாது. பூக்கடையும் டீக்கடையும் எதிரே இருக்கும் இடம், பயணிகள் காத்து நிற்கும் இடம், இரவில் தெருவிளக்கு நேராக விழும் இடம், இவையே சைக்கிளுக்கு உரியவை. இறங்கும் இடத்திலிருந்து நூறு அடி தள்ளி வைத்தாலே பிள்ளைகள் அங்கே போக மாட்டார்கள். கிட்டத்தில் இருக்கும் கம்பத்தில் சாய்த்துவிட்டு ஓடுவார்கள்.

இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் வளாகத்தில் செய்த ஒரு சோதனையை 2012-இல் வெளியிட்டார்கள். சைக்கிள் நிறுத்தும் சில இடங்களில், உற்றுப் பார்க்கும் இரண்டு கண்களின் படத்தோடு ‘சைக்கிள் திருடர்களே, உங்களைக் கவனித்துக்கொண்டிருக்கிறோம்’ என்ற பொருளில் பலகை மாட்டினார்கள். அந்த இடங்களில் திருட்டு 62 சதவீதம் குறைந்தது. பலகை மாட்டாத இடங்களிலோ 65 சதவீதம் கூடிவிட்டது.

இதில் நமக்கு வேண்டியது இரண்டாவது எண். ஓரிடத்தை மட்டும் பாதுகாத்தால் திருட்டு அடுத்த தெருவுக்கு நகரும். பேருந்து நிலையத்தில் மட்டும் குழாய் நட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொள்வதில் பயனில்லை. அரசு மருத்துவமனை, தாலுகா அலுவலகம், நூலகம், பள்ளிகள், மெயின் ரோட்டு நிறுத்தங்கள் என்று சைக்கிள் நிற்கும் எல்லா இடத்திலும் ஒரே காலத்தில் சில குழாய்களாவது வந்தாக வேண்டும்.

குத்தகை ஸ்டாண்டுகளையும் பேச வேண்டும். தமிழ்நாட்டில் உள்ளாட்சிகள் பேருந்து நிலைய வாகன நிறுத்தத்தை ஆண்டுதோறும் ஏலம் விடுவது வழக்கம். ஏலத்தொகையை எடுக்க வேண்டிய குத்தகைதாரர், பைக்குக்குக் கிடைக்கும் கட்டணத்தைப் பார்க்கும்போது சைக்கிளை ஓரம் கட்டத்தான் செய்வார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஏல நிபந்தனையில் சைக்கிளுக்கு இடம் ஒதுக்காதது உள்ளாட்சியின் குறை. பேருந்துப் பயணம் இலவசமாக்கப்பட்ட ஒரு மாணவி, அந்தப் பேருந்தைப் பிடிப்பதற்காகத் தினமும் ஸ்டாண்டுக்குக் காசு கொடுக்க வேண்டியிருப்பது திட்டத்தின் நோக்கத்தையே குறைக்கிறது.

பணம் வாங்கிக்கொண்டு சீட்டும் கொடுத்துவிட்டு, ‘வாகனங்கள் திருடுபோனால் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று பலகை மாட்டுவதும் எல்லா ஊரிலும் நடக்கிறது. பிறர் பொருளைத் தன் பொறுப்பில் வாங்கிவைப்பவர், தன் பொருளைக் காப்பதுபோல் அதைக் காக்க வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. டெல்லி தாஜ்மகால் ஓட்டலில் சாவியோடு ஒப்படைத்த கார் திருடுபோன வழக்கில், ‘உரிமையாளரின் பொறுப்பு’ என்று சீட்டில் அச்சடித்துவிட்டுத் தன் கவனக்குறைவிலிருந்து ஓட்டல் தப்ப முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நட்சத்திர ஓட்டலும் காரும். அதன் நியாயம் பஸ் ஸ்டாண்டுக்கும் சைக்கிளுக்கும் வேறாக இருக்க முடியாது.

எண் இருக்கிறது, ஏடு இல்லை

நம் அப்பாக்கள் காலத்தில் சைக்கிளுக்கு உள்ளாட்சி வரி உண்டு. வரி கட்டினால் வருடம் பொறித்த ஒரு தகர வில்லை கொடுப்பார்கள். அதை மாட்டாமல் போனால் பிடித்துவைத்து அபராதம் போடுவார்கள். ஏழைகளின் வாகனத்துக்கு வரி எதற்கு என்று அது கைவிடப்பட்டது சரியே. ஆனால் வரியோடு சேர்ந்து பதிவேடும் போய்விட்டது. இன்று ஒரு சைக்கிள் யாருடையது என்று சொல்ல ஊரில் ஓர் ஏடு இல்லை.

ஜப்பானில் 1990-களிலிருந்து சைக்கிளைப் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். கடையில் வாங்கும்போதே சிறு கட்டணத்தில் எண் ஒட்டித் தருவார்கள். சாலையில் காவலர் நிறுத்திப் பார்த்தால் உடையவர் யார் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

நம் சைக்கிள்களிலும் எண் இல்லாமல் இல்லை. பெடல் அச்சுக்கு அடியிலோ சீட்டுக்குக் கீழே உள்ள சட்டத்திலோ தொழிற்சாலையிலேயே ஓர் எண் குத்தியிருப்பார்கள். அதை எவரும் எழுதிவைப்பதில்லை. தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளின் விவரம் முழுவதும் ‘எமிஸ்’ தளத்தில் இருக்கிறது. சைக்கிள் கொடுக்கும் நாளிலேயே சட்ட எண்ணை மாணவரின் பெயருக்கு எதிரே அதில் ஏற்றிவிட்டால், ஆண்டுக்கு ஐந்து லட்சம் சைக்கிளுக்குத் தனிச் செலவில்லாமல் ஒரு பதிவேடு கிடைத்துவிடும். பழைய இரும்புக் கடையிலோ சந்தேகத்துக்குரிய ஒருவரிடமோ சைக்கிள் சிக்கினால் அது எந்தப் பள்ளி, எந்தப் பிள்ளை என்று ஒரு நிமிடத்தில் தெரியும்.

யார் என்ன செய்யலாம்?

திசையன்விளை பேரூராட்சி முதலில் ஐம்பது சைக்கிளுக்கான குழாய்களைப் பேருந்து நிலையத்தின் முகப்பிலும், அதே வரிசையில் மருத்துவமனை, தாலுகா அலுவலக வாசல்களிலும் நடத் தீர்மானம் போடலாம். தொகை பேரூராட்சியின் சக்திக்கு மீறியது அல்ல. மீறினால் இந்த ஊர் அடங்கிய ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியின் மேம்பாட்டு நிதி இருக்கிறது. வெளியூர்களில் கடை வைத்துத் தழைத்த இந்த வட்டாரத்து வியாபாரிகள் இருக்கிறார்கள். கோயிலுக்கும் பள்ளிக்கும் அள்ளிக் கொடுக்கும் அவர்கள், கேட்டால் இதற்கும் கொடுப்பார்கள். அடுத்த வாகன நிறுத்த ஏலத்தில் மூன்று நிபந்தனைகள் சேரட்டும்: சைக்கிளுக்கென்று தனி இடம், பள்ளிச் சீருடைக்கும் கல்லூரி அடையாள அட்டைக்கும் கட்டணமில்லை, சீட்டுக் கொடுத்த சைக்கிள் தொலைந்தால் குத்தகைதாரரே பொறுப்பு.

சைக்கிளை வாங்கிக் கொடுக்கும் துறைகள், கொள்முதல் விதியில் சங்கிலி செருகும் பூட்டைச் சேர்க்க வேண்டும். சட்ட எண்ணை ‘எமிஸ்’ தளத்தில் ஏற்றுவதைத் தலைமையாசிரியரின் கடமையாக்க வேண்டும்.

காவல் துறைக்கு ஒரு வேண்டுகோள். சைக்கிள் காணவில்லை என்று வரும் பிள்ளையிடம் நீதிமன்றத்துக்குப் போ என்று சொல்லிக் கையைக் கழுவிவிடாமல், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, நடுவரின் அனுமதி பெறுவதில் நிலையமே துணைநிற்கும்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அறிவுறுத்தலாம். நிறுத்தகங்களில் நடக்கும் திருட்டில் 305-ஆவது பிரிவு பொருந்துமா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்லலாம். நிரந்தரத் தீர்வு சட்டமன்றத்தின் கையில் இருக்கிறது. குற்ற நடைமுறை பொதுப்பட்டியலில் உள்ளது. மாணவர்களின் சைக்கிள் திருட்டைக் காவல் துறை நேரடியாக விசாரிக்கத்தக்க குற்றமாக்கும் திருத்தத்தை, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு தமிழ்நாடு கொண்டுவர முடியும்.

இது நடக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றைக்கே வீட்டுச் சைக்கிளைச் சாய்த்து, பெடல் அச்சுக்கு அடியில் துடைத்துப் பார்த்து, அங்கே உள்ள எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தை மட்டும் பூட்டாமல், சட்டத்தை ஏதாவதொரு கம்பியோடு சேர்த்துப் பூட்டப் பிள்ளைகளைப் பழக்குங்கள். உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் அப்படி ஒரு கம்பி இல்லையென்றால், வார்டு உறுப்பினரிடம் ஒரு மனுவும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனுவும் கொடுங்கள். எத்தனை குழாய் வேண்டும், எந்த இடத்தில் வேண்டும் என்று மனுவில் எண்ணோடு எழுதுங்கள்.